வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவள்

2015ஆம் ஆண்டு, பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என் பெரியம்மா மகள் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஜீவனாம்சம் வேண்டாம்னு எழுதியிருக்குது. இந்த எடத்துலயும் போட்டறலாமா கண்ணு?"

நான் யோசிக்கவே இல்லை. "போடுக்கா. அந்தாளு காசு நமக்கு எதுக்கு? தன்மானத்தோட உழைச்சுச் சாப்பிட்டுக்கலாம்" என்றேன்.

அப்போது நான் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பெரியார் படித்திருந்தேன். மேடையில் பேசியிருக்கிறேன். பிரிந்துபோகிற ஆணிடம் மாதாமாதம் கையேந்துவது அடிமைத்தனத்தின் மிச்சம் என்று உறுதியாக நம்பினேன். அக்கா கையெழுத்துப் போட்டாள். பெண் குழந்தைகள் இரண்டையும் தானே பார்த்துக்கொள்வதாக எழுதியிருந்த இடத்திலும் போட்டாள். நீதிமன்றத்தைவிட்டு வெளியே வந்து இளநீர் குடித்தோம். ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அன்று நான் சொன்ன பதில் தவறு. ஏன் தவறு என்பதை எனக்கே விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன்.

அக்காவின் வாழ்க்கையை முதலில் சொல்ல வேண்டும். 1999இல் பள்ளிபாளையம் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் தறிக்கொட்டகை. அவள் போனபோது நான்கு விசைத்தறிகள். பிரிந்து வந்தபோது எட்டு. நடுவில் வந்த நான்கில் முதல் இரண்டு, அவள் போட்டுப் போன நகையில் 12 பவுனை முதலில் அடகு வைத்து, மீட்க முடியாமல் பிறகு விற்று வாங்கியவை. அடுத்த இரண்டுக்குப் பணம் மகளிர் குழுக் கடன். கடன் அவள் பெயரில். தறி மாமனார் பெயரில். கொட்டகை மாமனார் பெயரில். மின் இணைப்பு மாமியார் பெயரில்.

விடிகாலை நான்கரைக்கு எழுந்து தார் சுற்றுவாள். சமையல், பிள்ளைகள் பள்ளிக்கூடம். மறுபடி கொட்டகை. பாவு தீர்ந்தால் பிணைக்க உட்காருவாள். தறி ஓட்டுகிற ஆள் வராத நாளில் அவளே நின்று ஓட்டுவாள். மாமியார் விழுந்து படுத்த படுக்கையான மூன்று வருடமும் மலம் அள்ளியவள் அவள்தான். துணியைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுப் பணம் வாங்கி வந்தவர் அவர். எனவே சம்பாதித்தவர் அவர் என்று ஆனது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. நூல் விலை ஏறி, துணி விலை இறங்கி, கடன் கழுத்தை நெரித்த வருடங்களில் குடியும் அடியும் வீட்டுக்குள் வந்தன. 16 வருடம் கழித்து அக்கா வெளியே வந்தாள்.

வந்த பிறகு என்ன வேலைக்குப் போனாள்? இன்னொருவருடைய கொட்டகையில் தார் சுற்றப் போனாள். அதே வேலை. அதே இரைச்சல். ஒரே ஒரு வித்தியாசம், இங்கே வாரக் கடைசியில் கூலி. புருஷன் வீட்டுக் கொட்டகையில் 16 வருடம் செய்த வேலைக்கு ஊரில் ஒரு விலை இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த விலையை அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை. நானும் 'வேண்டாம் என்று எழுதிக் கொடு' என்று சொல்லிவிட்டேன்.

மேலும் 14 மாதம் அந்தக் குழுக் கடனைக் கட்டினாள். தறி அங்கே ஓடிக்கொண்டிருந்தது. தவணை இங்கே போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது மகள் நர்சிங் படிப்புக்குச் சேர்ந்தபோது பணம் குறைந்தது. நான் கொடுக்கிறேன் என்று போனேன். அக்கா கோபப்படவில்லை. தார் சுற்றிக் காய்ப்பேறிய விரல்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "உனக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது கண்ணு. நீ வேண்டாம்னு சொன்னா அது தன்மானம். நான் எதை வெச்சு வேண்டாம்னு சொன்னேன்?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தன்மானம், சுயமரியாதை என்ற சொற்களை நான் எங்கிருந்து எடுத்துக்கொண்டேன் என்று திரும்பிப் பார்த்தேன். 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டிலிருந்துதான் எங்களைப் போன்றவர்கள் கதையைத் தொடங்குவோம். அந்த மாநாடு என்ன கேட்டது? மணவாழ்வு வேண்டாமென்றால் விலகும் உரிமையைக் கேட்டது. அதே மூச்சில் பெண்ணுக்குச் சமமான சொத்துரிமையையும் கேட்டது. விலகுவதற்கான உரிமை ஒரு கை என்றால் சொத்து மறு கை. நான் அக்காவுக்குக் கொடுத்தது ஒரு கையை மட்டும். சொத்தை விட்டுவிட்டு விலகு, அதுதான் சுயமரியாதை என்றேன். சொத்து இல்லாத சுயமரியாதையை ஆண்கள் யாரும் ஆண்களுக்குச் சிபாரிசு செய்ததில்லை. கூட்டு வியாபாரத்திலிருந்து விலகும் பங்காளியிடம், 'கணக்குக் கேட்காதே, அது உன் மானத்துக்கு இழுக்கு' என்று எந்தப் பஞ்சாயத்திலும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

அப்படியானால் ஜீவனாம்சம் என்பது என்ன? பிச்சையா, தண்டனையா, பங்கா? இதற்கு நாம் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் கேட்பது இழிவா இல்லையா என்பதும் இருக்கிறது.

சட்டத்துக்குள் மூன்று பதில்களும் கலந்து கிடக்கின்றன. முதல் பதில் இரக்கம். 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு, பிறகு 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு என்று எண் மாறி வந்திருக்கிறது. கைவிடப்பட்டவர்கள் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பதே இதன் அடிப்படை எண்ணம். விவாகரத்தாகி மறுமணம் செய்துகொள்ளாத பெண் 1973இல்தான் இதற்குள் 'மனைவி'யாகச் சேர்க்கப்பட்டாள். கூடவே 'தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத' என்ற நிபந்தனையும் வந்தது. மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்க உத்தரவிட முடியாது என்ற உச்சவரம்பு 2001 வரை இருந்தது. அந்த ஆண்டுத் திருத்தம் உச்சவரம்பை எடுத்துவிட்டு, இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்றது. வாய்தாக்களை எண்ணிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெண்ணிடமாவது இந்த 60 நாளைச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பாள்.

நீதிமன்றங்கள் இந்த இரக்கத்தைப் பல ஆண்டுகளாக விரித்துக்கொண்டு வந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பராமரிப்பு என்றால் உயிர் தரிப்பது மட்டுமல்ல, அந்த வீட்டில் வாழ்ந்திருந்தால் எப்படி வாழ்ந்திருப்பாளோ அதற்கு ஒத்த கண்ணியமான வாழ்க்கை என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் என்பதை ஒரு நியாயமான அளவாக 2017இல் ஏற்றது. உடல் திடமுள்ள ஆண், வேலை இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது, கூலி வேலை செய்தாவது கொடுக்க வேண்டும் என்று 2022இல் சொன்னது. எல்லாம் நல்லவைதான். ஆனால் இரக்கத்தின் மேல் கட்டிய வீட்டில் பெண் என்ன செய்ய வேண்டியிருக்கிறது? தான் கையாலாகாதவள் என்று நிரூபிக்க வேண்டும். தையல் மிஷின் இருந்தால் மறைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஆண், தான் ஏழை என்று நிரூபிக்கிறான். யார் அதிகம் இல்லாதவர் என்ற போட்டி.

எங்கள் ஊர்ப்பக்கம் அந்தப் போட்டியில் ஆண் ஜெயிப்பது மிகச் சுலபம். அரசு ஊழியர் என்றால் சம்பளச் சீட்டு இருக்கிறது. ஆனால் இங்கே எத்தனை பேருக்குச் சம்பளச் சீட்டு? நாமக்கல்லில் லாரி ஒருவர் பெயரில் இருக்கும், ஓட்டுபவர் இன்னொருவர், லாபம் மூன்றாமவருக்கு. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி பங்குதாரர்கள் பெயரில் ஓடும். அது ஆந்திராவிலோ மத்தியப் பிரதேசத்திலோ போர்வெல் போட்டுக்கொண்டிருக்கும். கோழிப்பண்ணை அப்பா பெயரில். ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளித் தோட்டம் தாத்தா பெயரில், பாகம் பிரிக்கவில்லை. சேலத்து வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குக் கைமாறும் பணத்தில் எவ்வளவுக்கு ரசீது இருக்கிறது? நேற்றுவரை ஊரில் பெரிய மனிதராக நடமாடியவர், கூண்டில் ஏறியதும் 'அப்பாவிடம் கூலிக்கு இருக்கிறேன்' என்பார். காகிதத்தில் அது உண்மையாகவும் இருக்கும்.

2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி செய்தது. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் விவரமான பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்றது. இனி வழக்கை இழுத்தடித்தால் லாபமில்லை என்று ஆனது பெரிய விஷயம். ஆனாலும் பத்திரத்தில் எழுதுவது அவரவர் கை. மாமனார் பெயரில் இருக்கும் எட்டுத் தறியை மகனின் பத்திரம் காட்டாது.

இரண்டாவது பதில், நன்னடத்தைக்கான பரிசு, தவறுக்கான தண்டனை என்ற பார்வை. 'ஒழுக்கம் தவறி' வாழ்கிற மனைவிக்கு 144ஆம் பிரிவில் இடமில்லை. தகுந்த காரணமின்றிக் கணவனோடு வாழ மறுப்பவளுக்கும் இல்லை. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி நிரந்தர ஜீவனாம்சம் பெறும் பெண் கற்போடு இருக்கவில்லை என்று காட்டினால் நீதிமன்றம் அந்த உத்தரவை மாற்றலாம். அந்தப் பிரிவு ஆணும் கேட்கலாம் என்கிறது, அவனுக்கும் ஒழுக்க நிபந்தனை வைக்கிறது. ஆனால் ஜீவனாம்சம் கேட்டு நிற்பவர்களில் பெரும்பாலோர் யார் என்று நமக்குத் தெரியும். கூண்டில் ஏறியவளிடம் முதல் கேள்வியே அவள் செல்போனைப் பற்றியும், அவளை வண்டியில் கொண்டுவந்து விட்டவரைப் பற்றியும்தான்.

எங்கள் ஊரில் லாரிக்கு ஃபைனான்ஸ் கொடுப்பவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வீட்டில் எப்படி நடந்துகொள்கிறார், யாரோடு பழகுகிறார் என்று கேட்டுவிட்டு, ஒழுக்கம் சரியில்லை, அதனால் தவணை கட்டமாட்டேன் என்று எந்த லாரிக்காரராவது சொல்ல முடியுமா? கொடுக்க வேண்டியது கடனென்றால், வாங்குபவரின் நடத்தை அதற்குள் வராது. பெண்ணுக்குக் கொடுக்கும்போது மட்டும் நடத்தை உள்ளே வருகிறதென்றால், அதைக் கடனாக நாம் நினைக்கவில்லை, தயவாக நினைக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

மூன்றாவது பதிலுக்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். அந்தச் சொல்லே வைத்திருக்கிறது. ஜீவனம், அம்சம். அம்சம் என்றால் பங்கு. பிழைப்புக்குரிய பங்கு. இத்தனை வருடமாக இந்தச் சொல்லை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதற்குள் பங்கு என்ற சொல் இருப்பதைக் கவனித்ததே இல்லை. நாம் அதைச் சாப்பாட்டுக் காசு என்று கேட்டுப் பழகிவிட்டோம்.

பங்கு என்றால் எதில் பங்கு? 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். விபத்தில் இறந்த ஒரு குடும்பப் பெண்ணின் இழப்பீட்டு வழக்கில் 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த எண்களை எடுத்துக்காட்டி, வீட்டு வேலைக்குப் பொருளாதார மதிப்பு உண்டு என்றது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி இன்னொரு அடி முன்னே போனார். வெளிநாட்டில் சம்பாதித்த கணவர் வாங்கிய சொத்தைப் பற்றிய வழக்கு அது. வீட்டையும் பிள்ளைகளையும் மனைவி பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது, எனவே அவளும் அந்தச் சொத்தை உண்டாக்கியவள், அவளுக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். அது விவாகரத்து வழக்கல்ல, சொத்து வழக்கு. ஆனாலும் முதன்முறையாக ஒரு தீர்ப்பு அக்காவைப் போன்றவளைப் பார்த்து 'பாவம்' என்று சொல்லாமல் 'உன்னுடையது' என்று சொன்னதாக எனக்குப் பட்டது.

இதையே சட்டமாக்கும் வாய்ப்பும் வந்து போனது. மீளமுடியாத மணமுறிவில் கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தரும் பிரிவோடு திருமணச் சட்டத் திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. 2014இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. அதன்பிறகு யாரும் அதைத் தூக்கி நிறுத்தவில்லை. போர்ச்சுகீசியர் விட்டுப்போன குடிமைச் சட்டத்தின்படி கோவாவில், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கணவன் மனைவி சொத்து இருவருக்கும் பொது. அங்கே பிரிகிற பெண் கேட்பது பாதியை.

வகுப்பில் இதைப் பேசும்போது மாணவிகள் எழுப்பும் சந்தேகங்களை நான் தள்ளிவிட முடியாது. பங்கு என்றால் நஷ்டத்திலும் கடனிலும் பங்குண்டே, மேடம்? உண்டு. ஆனால் அந்தப் பங்கை இங்கே பெண்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். குழுக் கடன் யார் பெயரில் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். நகை யாருடையது அடகுக் கடையில் இருக்கிறது என்று கேளுங்கள். கடன் அவள் பெயரிலும் சொத்து அவர் பெயரிலும் என்பதுதான் இப்போதைய பாகப்பிரிவினை.

வேலைக்குப் போகிற பெண் எதற்குக் கேட்க வேண்டும்? தேவையை வைத்துக் கணக்கிட்டால் அவளுக்குக் குறையலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் இருவரும் சம்பாதித்து அவர் பெயரில் வீடு கட்டியிருந்தால், அது தேவையின் கேள்வியே அல்ல. மாதாமாதம் வாங்குவது அவனோடு நம்மைக் கட்டிப்போடாதா? இது நியாயமான பயம். அதனால்தான் சட்டம் மொத்தத் தொகையாகவும் கேட்க இடம் தருகிறது. மாதத் தொகை என்றால் அவருடைய அசையாச் சொத்தின் மேல் பொறுப்பாகப் பதியவும் இடம் தருகிறது.

ஒன்றுமே இல்லாத கூலிக்காரக் கணவனிடம் என்ன பங்கு கேட்பது? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இல்லாத பணத்தைத் தராததற்காக அவனைச் சிறைக்கு அனுப்புவதால், ஒரு மாதப் பாக்கிக்கு ஒரு மாதம் வரை சட்டம் அனுப்பும், அவளுடைய அடுப்பு எரியாது. அங்கே இரண்டு பேரையும் சேர்த்தே அரசு பார்க்க வேண்டும். ஆனால் இல்லாதவனின் உண்மையைக் காட்டி, இருப்பவர்கள் மறைந்துகொள்ள விடக் கூடாது.

இன்னொரு மாணவி கேட்டாள்: சில பெண்கள் தாங்களாகவே வேண்டாம் என்கிறார்களே, அதை மதிக்க வேண்டாமா? மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த 'தாங்களாகவே' என்பதைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும். இந்தூரைச் சேர்ந்த ஷா பானுவை நினைக்கிறேன். 1932இல் திருமணம். 1975இல் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டார். வழக்கறிஞரான கணவரிடமிருந்து உயர் நீதிமன்றம் அவருக்கு வாங்கித் தந்தது மாதம் 179 ரூபாய் 20 காசு. 1985 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நாடே இரண்டுபட்டது. சில மாதங்களில், நெருக்குதல் தாங்காமல், அந்தத் தீர்ப்பு தமக்கு வேண்டாமென்று அந்த முதியவர் பகிரங்கமாக அறிவித்தார். சமூகத்தின் மானத்துக்காக ஒரு பெண் தன் 179 ரூபாயை விட்டுக்கொடுத்தாள். அக்கா எதற்காக விட்டுக்கொடுத்தாள்? என்னுடைய பெண்ணியத்தின் மானத்துக்காக. நெருக்குதல் வந்த திசைதான் வேறு. விவாகரத்தான இஸ்லாமியப் பெண்களும் 125ஆம் பிரிவில் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடி தெளிவாக்கியபோது, இடையில் 39 வருடம் ஓடியிருந்தது.

எங்கள் மாவட்டங்களில் பெண் என்பவள் எப்போதும் செலவுப் பக்கத்தில் எழுதப்படுபவள். 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது சேலத்தில்தான். ஏன் சேலத்தில் என்று எங்கள் தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. பிறந்தால் செலவு, கட்டிக் கொடுத்தால் செலவு, வாழாமல் வந்துவிட்டால் இன்னும் பெரிய செலவு. ஜீவனாம்சத்தையும் நாம் அந்தக் கணக்கிலேயே வைக்கிறோம், கணவன் வீட்டுக்கு அவள் வைக்கும் கடைசிச் செலவாக. அக்காவின் 16 வருடத்தை வரவுப் பக்கத்தில் எழுதினால் கணக்கே தலைகீழாகிவிடும். வேண்டாம் என்று எழுதச் சொன்னபோது, அந்தப் பழைய கணக்குப் பிள்ளையின் பக்கம் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

சென்ற மாதம் அக்காவை அழைத்துக்கொண்டு இலவசச் சட்ட உதவிக்குப் போனேன். பெண்ணாக இருந்தால் வருமான வரம்பு பார்க்காமல் சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் சொல்கிறது. எங்களுக்குக் கிடைத்த வழக்கறிஞர் பொறுமையாகச் சொன்னார். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்தானவள் என்பதால் உரிமை போய்விடாது, உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லியிருக்கிறது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததை எதிர்த்தரப்பு காட்டும். ஆனால் அப்படிப்பட்ட ஒப்பந்தம் பொதுநலக் கொள்கைக்கு விரோதமானது, இந்தப் பிரிவில் கேட்பதைத் தடுக்காது என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அவள் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். பிள்ளைகளின் உரிமையைத் தாய் எழுதிக் கொடுத்துவிட முடியாது. மணமாகாத சின்னவள் தனக்காகத் தனியே கேட்கலாம்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மஞ்சள் பையிலிருந்து அடகு ரசீதுகளை எடுத்து மேசையில் வைத்தாள். "மாசக் காசு இருக்கட்டுங்க. இந்த ரெண்டு தறி என்னுதுன்னு எவனாச்சும் எழுதிக் குடுப்பானுங்களா?"

சீதன நகை பெண்ணுடைய தனிச்சொத்து, கஷ்டத்துக்குக் கணவர் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்று உச்ச நீதிமன்றம் 2024இல்கூடச் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞர் அதைச் சொல்லிவிட்டு, இத்தனை வருடம் கழித்து அதை வாங்குவது கடினம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். முதலில் ஜீவனாம்ச மனு என்று முடிவானது.

மனுவின் வரைவு வந்தது. 'தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத நிலையில்' என்ற வரியில் அக்கா விரலை வைத்தாள். "முடியலைன்னு எழுதாதீங்க சார். பத்து வருசமா நான் முடிச்சுத்தானே காட்டியிருக்கேன்." சட்டம் அந்த வரியைக் கேட்கிறது என்றார் அவர். அந்தப் பிள்ளைகளைப் படிக்க வைத்து, வாடகை கட்டி, தேய்ந்த முதுகோடு வாழ்வதற்குக் கூலி போதவில்லை என்பதே அதன் பொருள், சம்பாதிக்கிறாள் என்பதால் மட்டும் உரிமை போகாது என்றும் விளக்கினார். வரி நின்றது. ஆனால் அதற்குக் கீழே இன்னொரு பத்தி சேர்த்தோம். அதை அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எத்தனை தறி இருந்தது, எத்தனையாக ஆனது, எந்த வருடம் எத்தனை பவுன், எத்தனை மணிக்கு எழுந்தாள், மாமியாரை எத்தனை வருடம் பார்த்தாள், கடனை எந்த மாதம் வரை கட்டினாள். ஒன்றரைப் பக்கம் வந்தது.

நீதிமன்றம் அந்த ஒன்றரைப் பக்கத்தை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று என்னால் சொல்ல முடியாது. தேவையைத்தான் பார்ப்போம் என்று ஒதுக்கிவிடலாம். இருந்தாலும் 16 வருடம் எந்தக் கணக்கிலும் ஏறாத ஒன்று முதல்முறையாக முத்திரையோடு ஓர் அரசுக் கோப்புக்குள் போகிறது.

இந்த முறை எங்கே கையெழுத்துப் போடலாம் என்று அக்கா என்னிடம் கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அரை மணி நேரம் ஆனது. பிறகு போட்டாள்.